மைனரில் கல்வியியல் எடுத்தால் டீச்சர் ஆகிவிடலாமா?

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மகளிடமிருந்து போன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, எந்தக் கல்லூரி என்று இன்னும் முடிவாகாமல் வீட்டில் எல்லோரையும் படுத்திக்கொண்டிருக்கிறாள்.

"அத்தை, மேத்ஸ் மேஜர், எஜுகேஷன் மைனர்னு ஒரு யுனிவர்சிட்டில இருக்கு. நாலு வருஷம். முடிச்சா டீச்சர் ஆகிடலாமாம். பி.எட். தனியா வேண்டாமாம்."

"யார் சொன்னது?"

"அட்மிஷன்ல இருந்தவங்க சொன்னாங்க."

கிரைண்டரை நிறுத்தினேன். பதினைந்து வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். அட்மிஷன் மேஜையில் சொல்வதைக் கேட்டுப் பணம் கட்டி, பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் சில வீடுகள் இருக்கும்.

முதலில் அந்த ஒரு விஷயத்தை முடித்துவிடலாம். மேஜர் என்பது முதன்மைப் பாடம், மைனர் அதோடு பக்கத்தில் எடுக்கும் துணைப் பாடம். மைனர் வேறு, ஆசிரியர் தகுதி வேறு. பள்ளியில் பாடம் நடத்த என்ன தகுதி வேண்டும் என்று சொல்வது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ. கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு 2010 ஆகஸ்ட் 23-ல் அது ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் யார் நடத்தலாம் என்பதற்கு இன்றைக்கும் அடிப்படை அதுதான். பட்டயமோ பி.எட்.டோ ஒருங்கிணைந்த பட்டமோ, என்.சி.டி.இ. அங்கீகரித்த படிப்பு ஒன்று இருக்க வேண்டும். அதற்கு மேல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். கல்வியியல் மைனர் இந்தப் பட்டியலில் இல்லை. மார்க் ஷீட்டில் 'எஜுகேஷன்' என்ற சொல் எத்தனை இடத்தில் அச்சாகியிருந்தாலும் டி.ஆர்.பி., அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் அது செல்லாது.

அப்படியானால் மைனர் வீணா என்றாள். வீண் இல்லை. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அவள் முன்னால் இருப்பது மூன்று வழி. மூன்று வருடம் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு இரண்டு வருடம் பி.எட்., இது பழைய பாதை. நான்கு வருடத்தில் இரண்டையும் சேர்த்துத் தரும் ஒருங்கிணைந்த பி.எஸ்சி.பி.எட். இன்னொன்று. மூன்றாவது, கணிதம் மேஜர், கல்வியியல் மைனர். டி.எல்.எட். என்கிற தொடக்கக் கல்விப் பட்டயம் நான்காவதாக ஒரு வழி. அவளுக்கு அது பொருந்தாது, ஆனாலும் பிறகு ஒரு வார்த்தை சொல்கிறேன்.

மைனரில் என்ன இருக்கிறது? 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருட ஆனர்ஸுக்கு 160 கிரெடிட். அதில் மைனருக்கு ஒதுக்கியிருப்பது மூன்று வருடத்துக்கு 24, நான்கு வருடத்துக்கு 32. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பறையில் 15 மணி நேரம். 32 கிரெடிட்டுக்குக் கணக்குப் போட்டால் 480 மணி நேரம் வருகிறது. கல்வித் தத்துவம், கற்றலின் உளவியல், கல்வியும் சமூகமும், கல்விக் கொள்கை, மதிப்பீடு என்று பொதுவாக இந்த வரிசையில்தான் தாள்கள் இருக்கும். சில இடங்களில் பள்ளிக்குக் கூட்டிப் போய்க் கவனிக்கவும் வைக்கிறார்கள். பல இடங்களில் அது இல்லை.

பி.எட். பக்கம் வருவோம். என் காலத்தில் அது ஒரு வருடம். என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு, 2015-16-லிருந்து இரண்டு வருடம். இரண்டாம் வருடத்தில் மட்டும் 16 வாரம் ஒரு பள்ளியில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துப் பாருங்கள், அதுவும் 480 மணி நேரம்தான். தற்செயலாக அமைந்த எண். ஆனால் எனக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் இதில் தெரிகிறது. மைனர்காரி அந்த 480 மணி நேரத்தையும் மாணவியாக பெஞ்சில் உட்கார்ந்து கழிக்கிறாள். பி.எட்.காரி அதே அளவு நேரம் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நிற்கிறாள்.

இப்படிச் சொன்னால் பி.எட்.தான் உசத்தி என்கிற மாதிரி இருக்கும். அதனால் என் கதை ஒன்று.

கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பு, பின்னங்களின் கூட்டல். பாடக்குறிப்பை இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியிருந்தேன். சார்ட்டில் வட்டம் வட்டமாக வெட்டி ஒட்டி, நிறம் தீட்டி எடுத்துப் போயிருந்தேன். வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் குறிப்பு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பலகையில் ½ + ⅓ என்று எழுதி, யார் சொல்வீர்கள் என்றேன். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "2/5 டீச்சர்." தப்பு என்றேன். மீச்சிறு பொது மடங்கு 6 என்று ஆரம்பித்து மளமளவென்று 5/6 வரைக்கும் போட்டு முடித்தேன். பையன் நோட்டில் எழுதிக்கொண்டான், ஆனால் முகம் தெளியவில்லை. என் மதிப்பீட்டுத் தாளில் 'கரும்பலகை எழுத்து நன்று' என்று வந்தது.

பல வருடம் கழித்து ஒரு பணியிடைப் பயிற்சியில் கருத்தாளர் ஒருவர் இதே கணக்கைப் பலகையில் போட்டார். குழந்தை ஏன் 2/5 என்கிறது, சொல்லுங்கள் என்றார். மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிட்டது என்றோம். அது எப்படி என்பதற்கான விடை, நான் கேட்டது ஏன் என்று, என்றார். நாற்பது டீச்சர்கள் உட்கார்ந்திருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. அவரே சொன்னார்: வாரத் தேர்வு வைக்கிறோம். முதல் தேர்வில் 2-க்கு 1, அடுத்த தேர்வில் 3-க்கு 1. மொத்தம் எவ்வளவு? 5-க்கு 2. பள்ளியில் நாமே தினம் தினம் அப்படித்தான் கூட்டிக் காட்டுகிறோம். குழந்தையின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. மதிப்பெண் கூட்டலைப் பின்னக் கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட்டது, அவ்வளவே. அதை உடைக்க மீச்சிறு பொது மடங்கு வேண்டாம். அரை லட்டோடு இன்னும் கொஞ்சம் லட்டைச் சேர்த்தால் அரையை விடக் குறையுமா? 2/5 அரையை விடச் சின்னது, பார்.

அன்றைக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது. பி.எட். எனக்கு நிற்கக் கற்றுக் கொடுத்தது, குரலை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று கற்றுக் கொடுத்தது. நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஏழெட்டுத் தோழிகளை மாணவர்களாக உட்காரவைத்து ஐந்து நிமிடம் பாடம் எடுத்தபோது உளறாமல் பேசப் பழகினேன். ரெக்கார்டு நோட்டு மேல் ரெக்கார்டு நோட்டாக எழுதி, செய்முறைத் தேர்வுக்குக் கமிஷன் வரும் நாளைக்குப் பயந்து, அது ஒரு தனி ஓட்டம். அதற்கு நடுவே பிள்ளை ஏன் அப்படி யோசிக்கிறது என்று நின்று யோசிக்க எங்களுக்கு நேரம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. நல்ல கல்வியியல் மைனர் அந்த நேரத்தைத் தரக்கூடும். பரீட்சை பயம் குறைவாக, வேலை உத்தரவு பற்றிய கவலை இல்லாமல், ஒரு பாடத்தை இப்படித் துருவிப் பார்க்க முடியும். கணிதத்தையும் கூடவே ஆழமாகப் படிக்கிற பெண்ணுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் அங்கே நடத்துகிறவர் துருவுகிறவராக இருக்க வேண்டும். தத்துவவாதிகளின் பிறந்த வருடத்தை எழுதிப் போடுகிறவரிடம் மாட்டினால் மைனரும் இன்னொரு மனப்பாடத் தாள்தான்.

மைனருக்கு ஒரு சின்ன லாபமும் உண்டு. டெட் தேர்வில் 150 மதிப்பெண்ணில் 30 மதிப்பெண் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும். மைனர் எடுத்தவளுக்கு அது தெரிந்த பாடம். பணியில் இருக்கிறவர்களும் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் இருபது வருட சர்வீஸ் உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயின் வளர்ச்சி நிலைகளை ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, அது தனிக் கதை.

நஷ்டம்? மைனரோடு நான்கு வருடம் படித்துவிட்டு, பிறகு டீச்சர் வேலைதான் வேண்டும் என்று முடிவெடுத்தால் மேலே இரண்டு வருடம் பி.எட். மொத்தம் ஆறு. அதிலும் பி.எட். முதல் வருடத்தில் வருகிற உளவியலும் சமகால இந்தியக் கல்வியும் மைனரில் ஏற்கெனவே படித்ததாகவே இருக்கும். ஒரே சாம்பாரை இரண்டு நாள் சூடு பண்ணிச் சாப்பிடுகிற மாதிரி. நான்கு வருடப் பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு வருட பி.எட். என்று புதிய கல்விக் கொள்கையிலேயே இருக்கிறது, 2025-ல் வந்த என்.சி.டி.இ. வரைவு விதிமுறைகளிலும் இருக்கிறது. வரைவை நம்பி பதினேழு வயதுப் பெண்ணின் ஆறு வருடத்தைத் திட்டமிட நான் தயாரில்லை. வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஒருங்கிணைந்த படிப்பு. இது புதிது என்று பலர் நினைக்கிறார்கள். மைசூருவில் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் 1963-லிருந்து இருக்கிறது. அங்கே நான்கு வருட பி.எஸ்சி.எட். பல தலைமுறைகளாக நடந்து வந்தது. தென் மாநிலங்கள் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் கணிதத்தோடு சேர்ந்த பி.எஸ்சி.பி.எட். உண்டு. 2023-24-ல் ஐ.டி.இ.பி. (ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம்) என்ற பெயரில் நாடு முழுக்க 57 நிறுவனங்களில் சோதனை முறையில் புதிய வடிவம் தொடங்கியது. அதற்கு என்.சி.இ.டி. என்று தேசிய அளவில் ஒரு நுழைவுத் தேர்வு. தமிழிலும் எழுதலாம்.

லாபம் கண்ணுக்குத் தெரிகிறது: ஐந்து வருட வேலை நான்கு வருடத்தில் முடிகிறது, அங்கீகாரமும் இருக்கிறது. முதல் வருடத்திலிருந்தே பள்ளியோடு தொடர்பு இருப்பதால் பாடமும் கற்பித்தலும் சேர்ந்தே வளரும். மைசூருவில் படித்துவிட்டு வந்த சக ஆசிரியை ஒருவருடன் வேலை பார்த்திருக்கிறேன். வகுப்பில் அவர் கேட்கிற கேள்விகளைக் கவனித்தாலே அந்த நான்கு வருடம் தெரியும். நிஜமாகவே டீச்சராகத்தான் போகிறேன் என்கிறவளுக்கு, இடமும் கிடைத்தால், இதைவிட நல்ல படிப்பு கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

சிக்கல் அந்த 'நிஜமாகவே'யில் இருக்கிறது. பதினேழு வயதில் அது யாருக்குத் தெரியும்? இரண்டாம் வருடத்தில் எனக்கு இது ஒத்துவராது என்று தோன்றினால், கலந்து கட்டிய படிப்பிலிருந்து பி.எஸ்சி.யை மட்டும் தனியே உருவி எடுத்துக்கொண்டு வர முடியாது. மைனரில் அந்தத் தொல்லை இல்லை. பிடிக்கவில்லை என்றால் கணிதப் பட்டம் முழுசாகக் கையில் இருக்கும். எம்.எஸ்சி. போகலாம், டேட்டா பக்கம் போகலாம், வங்கித் தேர்வு எழுதலாம்.

தமிழ்நாட்டில் அரசு வேலையைக் குறிவைக்கிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கல்லூரிக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஒன்று, முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிராஸ் மேஜர் என்று தள்ளிவிடுவார்கள். பட்டத்தின் பெயர் பி.எஸ்சி. கணிதம் என்று நேராக இல்லாமல் வேறு எப்படியாவது இருந்தால் இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடிக்கொண்டு அலைய வேண்டும். பழைய மைசூரு பி.எஸ்சி.எட்.டில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சம அளவில் வந்தன. படிப்பு அருமை, ஆனால் இந்த மாதிரி இடங்களில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மேஜர் கணிதம், மைனர் கல்வியியல் என்றால் பட்டத்தில் கணிதம் தெளிவாக நிற்கும். மைனர் இங்கே தொந்தரவு செய்யாது, உதவியும் செய்யாது.

இரண்டாவது, தமிழ் வழி இட ஒதுக்கீடு. எங்கள் பெண் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் என்பது 2010-ல் வந்த சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்து அந்தப் பணிக்கான தகுதிப் படிப்பு வரைக்கும் எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். மத்திய நிறுவனத்திலோ தனியார் பல்கலைக்கழகத்திலோ ஆங்கில வழியில் பட்டம் வாங்கினால் பன்னிரண்டு வருடம் சேர்த்த பி.எஸ்.டி.எம்., அதாவது தமிழ் வழியில் படித்தவர் என்கிற உரிமை அங்கேயே போய்விடும். அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.எஸ்சி., அப்புறம் தமிழ் வழி பி.எட். என்றால் அது தங்கும். இதைச் சொன்னபோதுதான் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க ஆரம்பித்தார். அதுவரை எல்லாம் பெண்கள் பேச்சு என்று டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு: நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கீழ் உள்ள பெரும்பாலான கல்லூரிகளில் இந்த மேஜர்-மைனர் பேச்சே கிடையாது. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3-ல் முதன்மைப் பாடமும் அல்லைடு என்கிற சார்புப் பாடமும் கொண்ட பழைய அமைப்புதான். கணிதத்துக்கு அல்லைடாக இயற்பியல் வரும், புள்ளியியல் வரும், கல்வியியல் வராது. ஆகவே மைனர் வேண்டும் என்றால் பெரும்பாலும் தனியார் அல்லது மத்தியப் பல்கலைக்கழகம். அந்த ஃபீஸையும் விடுதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டி.எல்.எட். பற்றி ஒரு வார்த்தை என்றேனே. ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான் நடத்த ஆசை, சின்னப் பிள்ளைகள்தான் பிடிக்கும் என்றால் அதுதான் வழி. பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்புக்குத் தகுதியில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் பெண்ணுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்டால் பயம். அதனால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்படியானால் மைனர் யாருக்கு? வகுப்பறையைச் சுற்றி இருக்கிற வேலைகளுக்குப் போகிறவர்களுக்கு என்று சொல்வேன். பாடநூல் எழுதுவது, ஆன்லைன் பாடம் தயாரிப்பது, தொண்டு நிறுவனத்தில் கற்றல் திட்டங்களைப் பார்த்துக்கொள்வது, கல்விக் கொள்கை ஆய்வு. அந்த வேலைகளில் பி.எட். இருக்கிறதா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. எம்.ஏ. கல்வியியலுக்கும் எந்தப் பட்டதாரியும் போகலாம், பெங்களூரு அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. மைனர் அதற்கு நல்ல அடித்தளம். எம்.எட். அப்படியில்லை, அதற்கு பி.எட். மாதிரி ஓர் ஆசிரியர் படிப்பு முன்னால் வேண்டும். இந்த இரண்டின் பெயரையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டியவர்கள் உண்டு.

மைனரை எடுக்க இன்னொரு காரணமாக, எனக்கு டீச்சிங் ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளலாமே என்றாள். அதற்கு 480 மணி நேரமும் அந்த ஃபீஸும் எதற்கு? 2021-ல் தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது எங்கள் தெருவில் ஒரு பெண் தன்னார்வலராகச் சேர்ந்தாள். மாலை நேரத்தில் திண்ணையில் பதினைந்து பிள்ளைகள், ஒரு சின்னக் கரும்பலகை. மூன்று மாதத்தில் அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்துவிட்டது. இப்போது பி.எட். முடித்துவிட்டு டெட்டுக்குப் படிக்கிறாள். அவளுடன் சேர்ந்த இன்னொருத்தி இரண்டாம் வாரமே சத்தம் தாங்கவில்லை என்று விலகிவிட்டாள். அவளும் சரியான முடிவுதான் எடுத்தாள். எங்கள் பெண்ணிடம், மாடி வீட்டு ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஒரு மாதம் கணக்குச் சொல்லிக் கொடு, அவன் தப்பாகப் போடும்போது உனக்குக் கோபம் வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று பார் என்றேன்.

என் தராசில் இப்போதைக்கு இப்படி நிற்கிறது. அரசுப் பள்ளி வேலைதான் குறி, தமிழ் வழியில் வந்தவள் என்றால் பி.எஸ்சி. பிறகு பி.எட்., ஒரு வருடம் கூடினாலும் பரவாயில்லை. டீச்சராவதில் உறுதி இருக்கிறது, சி.பி.எஸ்.இ. பள்ளியோ கேந்திரிய வித்யாலயாவோ பரவாயில்லை, வெளியூர் போகலாம் என்றால் ஒருங்கிணைந்த படிப்பு. கணிதம்தான் முதல், கல்வி பற்றிய ஆர்வம் பக்கத்தில் இருக்கட்டும் என்றால் மைனர். எங்கள் பெண் எந்தப் பெட்டியில் உட்காருவாள் என்று எனக்கு ஊகம் இருக்கிறது, சொன்னால் அண்ணி கோபித்துக்கொள்வார்.

வியாழக்கிழமை ஃபீஸ் கட்டக் கடைசி நாள். அதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று கேள்வி எழுதி மெயில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மைனரில் எத்தனை நாள் பள்ளிக்குக் கூட்டிப் போவீர்கள்? மைனர் தாள்களை நடத்துகிறவர்களில் பள்ளியில் பாடம் எடுத்தவர்கள் எத்தனை பேர்? 'பி.எட். தேவையில்லை' என்று உங்கள் ஆள் சொன்னதை எழுத்தில் தருவீர்களா?

முதல் இரண்டுக்கும் மறுநாளே பதில் வந்துவிட்டதாம். மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.